காப்பிச் செடியும் கடல் கடந்த தமிழரும்

தாயகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்து குடியேறிய நம் இல்லங்களில், மொழி தளர்ந்தாலும் தளராத வழக்கம் ஒன்று உண்டு. அது காலைக் காப்பி. வடபுலத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாதவர் பலர். ஆயினும் டிகாக்‌ஷன் இறங்கும் மணத்தை அறியாதவர் இலர். அண்டை வீட்டார் நம்மை அடையாளம் காண்பதும் பித்தளை வடிகட்டியையும் டவரா டம்ளரையும் கொண்டே. இதனால், காப்பி என்பது தொன்றுதொட்டு வந்த தமிழ்ப் பண்பாட்டின் ஒரு கூறு என்றே நாம் எண்ணிவிடுகிறோம்.

வரலாறு வேறு கூறுகிறது. சங்கப் பாடல்களில் தேறல் உண்டு, அளை உண்டு, காப்பி இல்லை. நம் முன்னோரின் காலை உணவு நீராகாரமும் பழைய சோறுமே. காப்பி தமிழர் அடுக்களையில் பரவலாக நிலைபெற்று ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதனினும் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. தமிழர் காப்பியைப் பருகிப் பழகுவதற்கு முன்பே, அதனைப் பயிரிடுவதற்காகத் தமிழர் கடல் கடந்து சென்றனர். பல்லாயிரவர் சென்ற வழியிலேயே மாண்டனர். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாம், நமக்கு முன் அவ்வாறு ஊர் விட்டுச் சென்றவர்களின் வரலாற்றை ஒரு செடியின் வழியே நினைவுகூர்வது பொருத்தமாகும்.

செடியும் அதன் பிறப்பிடமும்

காப்பி என்றும் பசுமை மாறாத ஒரு குறுஞ்செடி. தன்போக்கில் வளரவிட்டால் சிறு மரமாகவே உயரும். பழம் பறிக்க எட்டும் அளவில் தலை கிள்ளி நிறுத்துவதால் தோட்டங்களில் செடியாகக் காட்சி தருகிறது. தாவர நூலார் வகுத்த குடும்பங்களில் இது வெட்சியும் நுணாவும் இடம்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஆநிரை கவரப் புறப்பட்ட தமிழ் மறவன் சூடிய வெட்சிப் பூவுக்குக் காப்பிப் பூ உறவுமுறை என்பது தமிழ் பயின்றோர்க்கு இன்பம் தரும் செய்தி.

இதன் பிறப்பிடம் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகள். ஆயினும் 1753-ல் இதற்குப் பெயரிட்ட லின்னேயஸ், அரேபியச் செடி என்னும் பொருள்பட 'காப்பியா அராபிகா' என்றே குறித்தார். காரணம், உலகம் இதனை அரேபியர் வழியாகவே அறிந்தது. 15-ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபி அடியார்கள் இரவு வழிபாட்டில் உறக்கம் வாராதிருக்க இதன் கொட்டையைக் காய்ச்சிப் பருகினர். ஏமனின் மோக்கா துறைமுகம் காப்பி வணிகத்தால் உலகப் புகழ் பெற்றது.

17-ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் சூஃபி அடியார், மெக்கா யாத்திரை முடித்துத் திரும்புகையில் ஏழு காப்பி விதைகளை மறைத்துக் கொணர்ந்து, சிக்கமகளூருக்கு அருகிலுள்ள மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாக வரும் கதை. அம்மலைத்தொடர் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. விதையின் எண்ணிக்கையில் கதை கலந்திருக்கலாம். ஆனால் அந்நூற்றாண்டு முடிவதற்குள் மலபார்க் கரையிலிருந்து டச்சுக்காரர் காப்பி நாற்றுகளை ஜாவாவுக்கு எடுத்துச் சென்றனர் என்பதால், நம் மேற்கு மலைப்பகுதியில் காப்பி அதற்கு முன்பே வேரூன்றிவிட்டது எனத் துணியலாம்.

எனினும் நெடுங்காலம் அது வீட்டுத் தோட்டப் பயிராகவே இருந்தது. மலைமலையாகக் காடழித்துப் பயிரிடும் முறை 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் வந்தது. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் சேர்வராயன் மலையில், அதாவது ஏற்காட்டில், காப்பியை அறிமுகம் செய்தார். சிக்கமகளூர், வயநாடு, குடகு, நீலகிரி எனத் தோட்டங்கள் பின்னர்ப் பெருகின.

வளரும் முறை

இச்செடி வளரும் முறையை அறிந்தால்தான், அதன் பின்னே மனிதர் பெயர்ந்த கதை விளங்கும். அராபிகா வகை 1000 மீட்டருக்கு மேற்பட்ட மலைச் சரிவை நாடும். ரொபஸ்டா வகை அதனினும் தாழ்ந்த, வெப்பம் மிகுந்த இடத்திலும் செழிக்கும். முற்றிய பழத்தின் விதையைப் பனிக்காலத்தில் பாத்தியில் இடுவர். ஏறத்தாழ 45 நாட்களில் முளை எழும். விதையைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டே எழும் அம்முளையின் தோற்றம் காணத்தக்கது. நாற்று வளர்ந்தபின் பருவமழையின் தொடக்கத்தில் குழியில் நடுவர். மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்.

இந்தியத் தோட்டங்களில் காப்பி வெட்டவெளியில் வளர்வதில்லை. கல்யாண முருங்கை, பலா, அத்தி, சில்வர் ஓக் முதலிய மரங்களின் நிழலில் வளர்கிறது. அம்மரங்களின் மீது மிளகுக்கொடி படரும். மாசி பங்குனியில் பெய்யும் ஒரு மழைக்காகத் தோட்டக்காரர் வானம் பார்த்திருப்பர். அம்மழை பெய்த எட்டுப் பத்து நாட்களில் மலைச்சரிவு முழுவதும் ஒரே நாளில் வெண்மையாக மலரும். மல்லிகையை ஒத்த மணம் காற்றில் நிறையும். மூன்று நான்கு நாட்களில் பூ வாடிவிடும். அதன்பின் எட்டு ஒன்பது மாதங்கள் கழித்துப் பழம் சிவக்கும்.

இங்கேதான் காப்பியின் தனி இயல்பு தோன்றுகிறது. ஒரே கிளையில் பழமும் காயும் கலந்தே இருக்கும். செங்காயைப் பறித்தால் சுவை கெடும். பழத்தை விட்டுவைத்தால் உதிரும். எனவே ஒரே செடியிடம் பலமுறை சென்று, கையால் தெரிந்து பறிக்க வேண்டும். பறித்த பழத்தைத் தோல் உரித்து, தொட்டியில் புளிக்கவிட்டு, வழுவழுப்பு நீங்கக் கழுவி, களத்தில் உலர்த்த வேண்டும். ஒரு கிலோ கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் தேவை. பறிப்புக் காலத்தின் சில மாதங்களுக்கு ஏராளமான கைகள் வேண்டும். மற்றைய மாதங்களில் அவ்வளவு வேண்டா. மலையிலோ மக்கள் குறைவு. அக்கைகள் எங்கிருந்து வந்தன என்பதே காப்பி வரலாற்றின் உயிரான வினா.

மன்னார் வழி

1815-ல் கண்டி அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820-களில் ஆளுநர் எட்வர்டு பார்ன்ஸ் அளித்த ஊக்கத்தால் கண்டியைச் சுற்றிய மலைகளில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. 1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால் நடந்த காப்பி விளைச்சல் சரிந்தது. 1835-ல் இலங்கைக் காப்பிக்கு இங்கிலாந்தில் இருந்த சுங்கவரி மேற்கிந்தியக் காப்பிக்கு ஈடாகக் குறைக்கப்பட்டது. ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்னும் விலைக்கு மலைக்காடுகள் விற்கப்பட்டன. வாங்கியவருள் ஆட்சியாளர்களும் படைத்தலைவர்களும் நீதிபதிகளும் இருந்தனர்.

கண்டிச் சிங்கள உழவர் தம் வயலை விட்டுத் தோட்டக் கூலியாக வர விரும்பவில்லை. எனவே தோட்டத்துரைமார் பாக்கு நீரிணையின் மறுகரையை நோக்கினர். திருச்சிராப்பள்ளி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பகுதிகளில் நிலமற்ற உழவுத் தொழிலாளரும் கடனில் மூழ்கிய குடிகளும் நிறைந்திருந்தனர். சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்டோர் அவர்களுள் பெரும்பான்மையினர். ஊரில் வேலை குறைந்த மாதங்களும் மலையில் காப்பி பறிக்கும் மாதங்களும் ஒத்து அமைந்தன. கங்காணி என்பவர் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினார். ஒவ்வொருவர் கடனும் ஒரு சீட்டில் எழுதப்பட்டது. பின்னாளில் 'துண்டு' என்று அழைக்கப்பட்ட அச்சீட்டின் தொகையைச் செலுத்தும் துரை, அக்கூட்டத்தின் உழைப்பையே விலைக்கு வாங்கியவர் ஆனார். இம்முறை சட்டத்தால் ஒழிந்தது 1921-ல்தான்.

படகில் மன்னார்க் கரை இறங்கியவர்கள் மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டு வழியே நடந்தனர். வழியில் குடிநீர் அரிது. நிழல் தரும் சத்திரம் இல்லை. வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் அம்மையும் அவர்களைத் தொடர்ந்தன. நடக்க இயலாதவரைக் கூட்டம் பாதையோரத்தில் விட்டுச் சென்றது. 1840-களில் காப்பி விலை உச்சத்தில் இருந்தபோது இறப்பும் உச்சத்தில் இருந்தது. அவ்வழியில் கிடந்த எலும்புகளைப் பற்றி அக்காலத்து அரசு அறிக்கைகளும் செய்தித்தாள்களுமே பேசின. அடிமை முறை ஒழிந்தது என்று உலகம் மகிழ்ந்த அதே ஆண்டுகளில், அடிமையின் இடத்தை நிரப்பக் கடன்பட்ட தமிழன் நடந்தான் என்பது நாம் மறத்தற்கரிய உண்மை.

1867-ல் கொழும்பிலிருந்து கண்டிக்கு இருப்புப்பாதை முடிந்தது. முதன்மையாக அது காப்பி மூட்டையை இறக்கவே அமைந்தது. மூட்டைக்கு இரயில் கிடைத்தபின்னும், பறிப்பவன் வந்த வடக்குப் பாதை நெடுங்காலம் நடைபாதையாகவே இருந்தது.

கும்மியும் துருவும்

இவ்வரலாற்றில் 1869-ஆம் ஆண்டு இருவகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் ஆபிரகாம் ஜோசப் என்பவர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்னும் நூலை இயற்றி வெளியிட்டார். காப்பி பயிரிடும் முறையைத் தோட்டத் தொழிலாளர்க்குக் கும்மி வடிவில் எடுத்துரைக்கும் நூல் அது. தமிழர் காப்பிக்கு இயற்றிய முதல் நூல்களுள் ஒன்று, அதனைப் பருகும் இன்பத்தைப் பாடாமல் பயிரிடும் உழைப்பைப் பாடியது என்பது சிந்திக்கத்தக்கது.

அதே ஆண்டில் இலங்கையின் மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி காணப்பட்டது. ஒருவகைப் பூஞ்சணத்தால் வரும் இலைத்துரு நோய் அது. முதலில் எவரும் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. நோய் கண்ட இலை உதிர்ந்தது. இலை உதிர்ந்த செடி ஆண்டுதோறும் நலிந்தது. 1880-ல் இலங்கைக்கு வந்து இரண்டாண்டுகள் ஆய்ந்த மார்ஷல் வார்டு என்னும் அறிஞர், இடையில் காற்றைத் தடுக்கும் காடே இல்லாமல் மலைமலையாக ஒரே பயிரை வைத்ததே நோய் பரவ வழிசெய்தது என விளக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1884-ல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. இலங்கையின் மலைகளில் காப்பி அழிந்து, தேயிலை எழுந்தது.

துரைமார் பயிரை மாற்றிக்கொண்டனர். தொழிலாளிக்கு நேர்ந்ததோ வாழ்க்கை முறையின் மாற்றம். காப்பிக்குப் பருவம் உண்டு. ஆதலால் வந்தவர் ஊர் திரும்ப முடிந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும்; ஆதலால் குடும்பத்தோடு லயங்களில் தங்க நேர்ந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சமும் மக்களை அத்திசையில் தள்ளியது. அவர்களின் வழித்தோன்றல்களே மலையகத் தமிழர். 1948-ல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றவர் ஆக்கியது. 1964-ல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்குப் பங்கிட்டு அனுப்பியது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது. ஒரு பானத்தின் பொருட்டுத் தொடங்கிய நடை முடிய ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இலைத்துரு இந்தியாவுக்கும் வந்தது. ஆயினும் இங்கே காப்பி முற்றும் அழியவில்லை. நிழல்மரங்களின் காப்பும், நோய் தாங்கும் வகைகளைத் தேடிய முயற்சியும் துணைநின்றன. 1911-ல் மைசூர்ப் பகுதித் தோட்டமொன்றில் கென்ட் என்பவர் கண்டறிந்த வகை அவற்றுள் ஒன்று. 1925-ல் பாளெஹொன்னூரில் தொடங்கிய ஆய்வு நிலையம் 1940-களில் தந்த 'எஸ்.795' என்னும் வகை இன்றும் தோட்டங்களில் நிற்கிறது. நாம் விரும்பும் மணத்தில் அவ்வகைக்குப் பெரும்பங்கு உண்டு.

அடுக்களைக்கு வந்த கதை

தமிழகத்தில் காப்பி பருகும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகரத்து நடுத்தரக் குடும்பங்களில் நுழைந்து, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியது. வந்தபோது அதற்கு வரவேற்பைவிட வசையே மிகுதி. உடலைக் கெடுக்கும், பணத்தைக் கரைக்கும், பெண்டிரைச் சோம்பலாக்கும் என்றெல்லாம் இதழ்கள் எழுதின. வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் இக்கதையைச் சான்றுகளுடன் விரித்துரைத்துள்ளார். நேற்று பழிக்கப்பட்ட புதுமை இன்று பழைமையின் சின்னமாக மதிக்கப்படுவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

காப்பி நம்மை ஒன்றுசேர்த்தது என்று மட்டும் கூறினால் அது பாதி உண்மையே. அது நம்மைப் பிரித்தும் வைத்தது. 'பிராமணாள் காப்பி ஓட்டல்' என்னும் பெயர்ப்பலகைகள் நெடுங்காலம் தொங்கின. 1957-ல் பெரியார் அவற்றை எதிர்த்துக் கிளர்ச்சி நடத்தினார். சிற்றூர்க் கடைகளில் சாதிக்கொரு குவளை வைத்த இரட்டைக் குவளைக் கொடுமை அதன் பின்னும் தொடர்ந்தது. தோட்டத்தில் பழம் பறித்த கைகளின் வழித்தோன்றலுக்கு ஊர்க்கடையில் தனிக் குவளை நீட்டப்பட்டது என்பதை நினைக்குங்கால் நெஞ்சு குறுகுகிறது. டிகிரி காப்பியின் பெருமையைப் பேசும் நாம் இதனையும் சேர்த்தே பேசுதல் நேர்மை.

வடபுலத்தில் காப்பியைப் பரப்பியதில் அரசுக்கும் பங்குண்டு. உலகச் சந்தையில் விலை வீழ்ந்த 1930-களில், உள்நாட்டில் காப்பி பருகுவோரைப் பெருக்கும் பொருட்டு 1935-ல் காப்பித் தீர்வைக் குழு அமைந்தது. அடுத்த ஆண்டில் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் இந்தியா காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. போர்க்காலத்தில், 1942-ல், காப்பிச் சட்டம் வந்தது. காப்பி வாரியம் விளைச்சல் முழுவதையும் வாங்கி விற்கும் முறை 1990-கள் வரை நீடித்தது. 1950-களில் வாரியம் தன் காப்பி ஹவுஸ்களை மூட முற்பட்டபோது, வேலை இழந்த ஊழியர்கள் ஏ. கே. கோபாலன் துணையுடன் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர். 1957-ல் பெங்களூரிலும் தில்லியிலும் அவை தொடங்கின. தலைப்பாகை அணிந்த அவ்வூழியரிடம் காப்பி வாங்கிப் பருகிய வங்காளியும் பஞ்சாபியும், எழுத்தாளரும் மாணவரும், அரசு எழுத்தரும் எத்தனை ஆயிரவர்!

நம் தாத்தாக்களும் தந்தையரும் பணி நியமன ஆணையைப் பையில் வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து இரயில் ஏறி வடக்கே வந்தபோது, படுக்கைச் சுருளோடு வடிகட்டியும் வந்தது. ஊருக்குப் போய்வருவோர் திரும்பும்போது காப்பிப்பொடி கொணர்வது எழுதாச் சட்டமாக இருந்தது. இன்று அவ்வருமை இல்லை; எந்நகரிலும் பொடி கிடைக்கிறது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. நம் பொடியில் கலக்கும் சிக்கரி காப்பியின் இனமே அன்று. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளையும் ஒரு வேர். தென்னாட்டு மலைக் கொட்டையும் வடநாட்டு வயலின் வேரும் கலந்ததே நாம் 'ஊர்க் காப்பி' என்று போற்றுவது. கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது சட்டம். பொட்டலத்தின் மேல் அச்சிட்ட அளவைப் பார்த்து வாங்குதல் நலம்.

நம் கடப்பாடு

இன்று இந்தியக் காப்பியில் ஏறத்தாழ 70 விழுக்காடு கர்நாடகத்தில் விளைகிறது. கேரளமும் தமிழகமும் அடுத்து நிற்கின்றன. ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி உழவர் காப்பி விளைவித்துப் பெயர் பெற்றுள்ளனர். பருவம் தவறிய மழை பூவைக் கெடுப்பதும், வெண் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு அராபிகாச் செடியைக் குடைவதும் உழவரின் இன்றைய கவலைகள். பழம் பறிக்கும் கை இன்றும் வேண்டும். ஒருகாலத்தில் தமிழர் நடந்தது போலவே, இன்று அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் தொழிலாளர் குடகுக்கும் சிக்கமகளூருக்கும் இரயிலேறி வருகின்றனர். நாம் தெற்கிலிருந்து வடக்கே வந்தோம்; அவர்கள் வடக்கிலிருந்து தெற்கே செல்கின்றனர். பிழைப்பு என்பது ஒன்றே.

ஊர் விட்டு வந்தவர்க்கு வேற்றூரில் மதிப்புடன் வாழும் உரிமை வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அதற்காகவே சங்கம் வைத்து மொழியையும் கலையையும் காத்து வருகிறோம். அவ்வுரிமையை, கையில் ஆணையோ கல்வியோ இல்லாமல், கடன் சீட்டோடு நடந்து சென்ற நம்மவர்க்கு எவரும் அளிக்கவில்லை. அவர்களுள் பலருக்கு நடுகல்லும் இல்லை, பெயரும் இல்லை. நம் சங்க நூலகங்களில் மலையகத் தமிழரின் நூல்களுக்கு ஒரு தனி அலமாரி ஒதுக்கலாம். குழந்தைகளின் தமிழ் வகுப்பில் காப்பிச் செடியின் கதையை ஒரு பாடமாகவே வைக்கலாம். நம் குடும்பங்களில் எவரேனும் கண்டிக்கோ வால்பாறைக்கோ மலேயாவுக்கோ தோட்ட வேலைக்குச் சென்றிருந்தால், அவர்களைப் பற்றி முதியோர் நினைவில் இருப்பதை எழுதி வைக்கலாம். எழுதாத வரலாறு ஒரு தலைமுறையில் மறைந்துவிடும்.

காப்பி நம் அடையாளமாக இருந்துவிட்டுப் போகட்டும். அவ்வடையாளத்துக்கு விலை கொடுத்தவர்கள் யாவர் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும்.